மாற்றியது யார் என்று எழுதுங்கள்: பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாஸ்வேர்ட் மேனேஜர்களை உருவாக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றில் ஏஐ ஏஜென்ட்டுக்கு எதையெல்லாம் தொட அனுமதிப்பது என்று முடிவு செய்யும் பொறியாளர்களுக்கும்,

உங்களில் ஒருவருடைய பெட்டகத்தில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருளில், எங்கள் அலுவலகம் 600-க்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்திருக்கிறது. அவற்றில் என்னுடையவை இருபதுகூட இருக்காது. மற்றதெல்லாம் எங்களை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. சென்ற மாதம் 20-ஆம் தேதி உங்கள் ஏஜென்ட், அதாவது மனிதருக்குப் பதிலாகத் தளங்களில் தானே வேலை செய்யும் ஏஐ நிரல், அவற்றில் ஒன்றை மாற்றியது. மாற்றியது யார் என்ற இடத்தில் எங்கள் அலுவலகத்துப் பெண்ணின் பெயரை எழுதி வைத்தது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் திருப்பூரில் வரி ஆலோசகர். என்னையும் சேர்த்து நான்கு பேர் உள்ள அலுவலகம். சுமார் 140 பார்ட்டிகள். எங்கள் ஊரில் வாடிக்கையாளரை அப்படித்தான் சொல்வோம். பெரும்பாலும் ஜாப் ஒர்க், அதாவது மற்றவர் துணியில் கூலிக்கு வேலை, செய்யும் சின்ன யூனிட்டுகள்: நிட்டிங், காம்பாக்டிங், பிரின்டிங், செக்கிங். முதலாளியே காலையில் ஷட்டரைத் தூக்கி, அவரே மெஷினுக்கு எண்ணெய் விட்டு, அவரே வண்டியில் ரோல் ஏற்றிக்கொண்டு போகிற தொழில். அவர்களிடம் போய் ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரி, டிடிஎஸ், பிஎஃப், இஎஸ்ஐ ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டை நினைவில் வையுங்கள் என்று சொல்ல முடியாது. எங்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுப்பதே தவறு என்று உங்கள் உதவிப் பக்கங்களில் எழுதியிருக்கிறீர்கள். படித்திருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் சிறுதொழில்களின் வரிக் கணக்கு தாக்கலாவது பெரும்பாலும் இப்படித்தான். டீம் பிளான் என்று ஒன்றைச் செய்து எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு விற்கும்போது உங்களுக்கும் அது தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன்புவரை எங்களிடம் இருந்தது ஒரு நீளமான கணக்கு நோட்டு. பார்ட்டிக்கு ஒரு பக்கம். அதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பாஸ்வேர்ட் மாறினால் பழையதன் மேல் ஒரே ஒரு கோடு போடுவோம், கீழே இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி. அதற்கு அடியில் புதியதை எழுதி, தேதி போட்டு, மாற்றியவர் தன் இனிஷியலைப் போடுவார். கிறுக்கி அழிக்கக் கூடாது, ஒயிட்னர் வைக்கக் கூடாது. இது நான் கண்டுபிடித்ததில்லை. நான் வேலை பழகிய ஆடிட்டர் அலுவலகத்தில் பேரேட்டுக்கு இருந்த விதி. தவறாக எழுதிய எண்ணைக்கூடக் கோடு போட்டுத்தான் திருத்த வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பார் அவர். தீபாவளி நேரத்தில் அவசரத்தில் மாற்றிய பாஸ்வேர்ட் வேலை செய்யாமல் போய், கோட்டுக்கு அடியில் இருக்கிற பழையதைப் போட்டு உள்ளே போன நாட்கள் எத்தனையோ.

அப்புறம் உங்கள் மென்பொருளுக்கு மாறினோம். நோட்டு தொலைந்தால் 140 குடும்பங்களின் கணக்கும் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தைத் தீர்த்தது நீங்கள். மாதச் சந்தா கட்டி, மற்ற ஆலோசகர்களிடமும் வாங்கச் சொன்னேன். கூட்டங்களில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் மாதத்தின் கணக்கு இப்படி: 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி. 20-ஆம் தேதி எங்கள் அலுவலகத்தில் யாரும் சாப்பிடப் போவதில்லை, பார்சல்தான். அப்படிப்பட்ட ஒரு 20-ஆம் தேதிக்கு நான்கு நாள் முன்பு உங்கள் அப்டேட் வந்தது. பிரவுசரில் ஓர் ஏஜென்ட் சேர்ந்தது. பாஸ்வேர்ட் காலாவதியானால் அதுவே புதியதை உருவாக்கி, தளத்தில் மாற்றி, பெட்டகத்திலும் பதிந்துவிடும் என்றீர்கள். அந்த வசதி எங்கள் கணக்கில் இயங்கும் நிலையிலேயே வந்தது. 20-ஆம் தேதி காலையில் மூன்று பார்ட்டிகளுக்கு அது சரியாகவும் வேலை செய்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். உண்மையாகவே சொல்கிறேன், அந்த மூன்றில் முக்கால் மணி நேரம் மிச்சமானது.

நான்காவது, ஒரு காம்பாக்டிங் யூனிட். அதன் உரிமையாளர் அன்று காலையிலேயே போன் செய்து சொல்லியிருந்தார்: "தம்பி, வீட்ல அம்மணிக்கு ஆப்ரேசனுங்க, கோயம்புத்தூர்ல இருக்கறேன். நாலு மணிக்குள்ள ஓடிபி கேட்டுக்கங்க. அப்புறம் உள்ள போயிருவேன்." மூன்றரைக்கே எங்கள் கணக்கு தயார். லாகின் செய்ய வேண்டியதுதான் பாக்கி. பாஸ்வேர்ட் காலாவதி என்று தளம் காட்டியது. ஏஜென்ட் வேலையில் இறங்கியது. நீளமான ஒரு பாஸ்வேர்டை உருவாக்கிப் போட்டது. அந்தத் தளத்தில் பாஸ்வேர்டின் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஏற்க முடியாது என்று மேலே சிவப்பில் ஒரு வரி வந்தது. பக்கம் புதிதாக வந்ததை வைத்து ஏஜென்ட் வேலை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. 'பாஸ்வேர்ட் வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று பக்கத்தில் எழுதியது. பெட்டகத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தது.

தளத்தில் பழைய பாஸ்வேர்டே இருந்தது. எங்களிடம்தான் அது இல்லாமல் போனது.

பழையதைப் பார்க்க ஹிஸ்டரி இருக்கிறதே என்று திறந்தோம். காலியாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. மனிதர் கையால் திருத்தினால் உங்கள் மென்பொருள் பழையதை ஹிஸ்டரியில் வைக்கிறது. ஏஜென்ட் திருத்தவில்லை. பழைய பதிவு முழுவதையும் நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கியது. புதிய பதிவுக்கு ஏது ஹிஸ்டரி? அதோடு நாங்கள் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்திருந்ததும் போனது. அதில்தான் ஓடிபி எந்த நம்பருக்கு வரும், அவருடைய போன் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் இருந்தது.

நாங்கள் புதிய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தோம். ஒருமுறை, இருமுறை, கேப்சாவைத் தவறாகப் படித்திருப்போமோ என்று இன்னொரு முறை. கணக்கு பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று போனால் ஓடிபி அவருக்குத்தான் போகும். மணி நாலேகால். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிற மனிதரை நான் ஐந்து முறை கூப்பிட்டேன். ஏழு மணிக்கு எடுத்தார். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தார். போனை ஒரு நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்தப் பெண் "ஏழு... சைபர்... நாலு..." என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது முறை சரியாக வந்தது. உள்ளே போனோம். தாக்கல் செய்ய இன்னோர் ஓடிபி வேண்டும். அதற்குள் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கடைசியாக அவர் சொன்னது: "ஏனுங்க தம்பி, நாளைக்குப் பண்ணக் கூடாதுங்களா?"

மறுநாள் காலையில் தாக்கல் செய்தோம். ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய், வரிக்கு ஒரு நாள் வட்டி. அதை நான் கட்டினேன். பணம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் துணி கொடுக்கிற பெரிய கம்பெனிகள் பில்லில் இருக்கும் வரித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பு, ஜாப் ஒர்க் செய்தவர் தேதிக்குள் தாக்கல் செய்திருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யாத யூனிட் அது.

இதெல்லாம் தவறு. மென்பொருளில் தவறு நடக்கும், எங்களிடமும் நடக்கிறது. பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அடுத்தது.

அன்று மாலை ஐந்து மணி இருக்கும். என்ன நடந்தது என்று பார்க்க அட்மின் பக்கத்தில் லாகை, யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவேட்டை, திறந்தேன். அந்தப் பதிவுக்கு நேராக இரண்டு வரி. 3:34, நீக்கப்பட்டது. 3:34, உருவாக்கப்பட்டது. 'செய்தவர்' என்ற இடத்தில் எங்களிடம் ஏழு வருடமாக வேலை செய்கிற பெண்ணின் பெயர். ஏஜென்ட் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. நான் அவளைக் கூப்பிட்டேன். "நான் எதையும் டெலீட் பண்ணலைங்கண்ணா, அதுவாத்தான் பண்ணுச்சு" என்றாள். நான் திரையைக் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள், இந்த முறை குரல் உடைந்து. அரைமணி நேரம் நான் அவளை நம்பவில்லை. ஏழு வருடத்தில் ஒரு சல்லிக்காசு கணக்கு தவறாத பெண்ணைவிட உங்கள் பக்கத்தில் இருந்த ஒரு வரியை நம்பினேன். நான் கணக்கு பார்க்கிறவன், எழுதியிருப்பதை நம்பிப் பழகியவன். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அந்த வரி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பயனர் லாகின் செய்திருந்த நிலையில், பயனரின் அனுமதியோடுதான் ஏஜென்ட் செயல்பட்டது, ஆகவே அது பயனரின் செயலாகவே பதிவாகும் என்று பதில் வந்தது. அழிந்த பதிவை மீட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். பெட்டகம் முழுவதும் அதைத் திறக்கும் எங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருக்கிறது, அதனால் தங்களாலேயே உள்ளே பார்க்க முடியாது என்றார்கள். அதை நம்பித்தான் நான் நோட்டை விட்டு வந்தேன், அது அப்படியேதான் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அழிந்தால் உலகத்தில் யாராலும் மீட்க முடியாத ஒரு பெட்டகத்தில், அழிக்கும் அதிகாரத்தை ஒரு ஏஜென்ட்டிடம் எதற்காகக் கொடுத்தீர்கள்?

ஏஜென்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தேவை. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே எழுதிவிட்டது: காலக்கெடு வைத்துப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று. நாங்கள் பயன்படுத்தும் தளங்களில் பல இன்னும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அதற்கே வருடத்தில் எத்தனையோ மணி நேரம் போகிறது. உண்மையாகவே கசிந்தால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கணினிக்குள் புகுந்து, அவர் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டும்போது திருடி, அதன் வழியே வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களையே எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டிருந்தன, தள முகவரிகள் பூட்டப்படவில்லை. மாஸ்டர் பாஸ்வேர்ட் பலவீனமாக இருந்தவர்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டிய நிலை. 600 பதிவு வைத்திருக்கும் என்னைப் போன்ற ஒருவர் அதைக் கையால் செய்ய எத்தனை வாரம் ஆகும்? இந்தச் சுமையால்தான் பாஸ்வேர்டைத் தானாக மாற்றுவது 2014-லிருந்தே உங்கள் துறையின் ஆசையாக இருக்கிறது. அந்த வருடம் டிசம்பரில் டாஷ்லேன் என்ற இன்னொரு நிறுவனமும் லாஸ்ட்பாஸும் ஒரே நேரத்தில் தானாக மாற்றித் தரும் வசதியைக் கொண்டு வந்தன. கூகுள் 2021-ல் குரோமில் முயன்றது, 2025 மே மாதம் மறுபடியும் அறிவித்தது. நல்ல ஆசைதான். முழு மனதாக வரவேற்கிறேன்.

ஆனால் படிப்பது வேறு, எழுதுவது வேறு. மென்பொருள் எழுதும் என் அக்கா மகன் இதைக் கேட்டதும் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னான். நார்ம் ஹார்டி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1988-ல் கட்டுரையாக எழுதியது. ஒரு கணினியில், மனிதர் எழுதிய நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்ற நிரலுக்கு, தன் பயன்பாட்டுக் கணக்கைப் பதிவதற்காக ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுதும் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் பில் கணக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு பயனர், தன் வெளியீட்டை எழுத வேண்டிய கோப்பு என்று அந்தப் பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அந்தப் பயனருக்கு அதைத் தொட அதிகாரம் கிடையாது, கம்பைலருக்கு இருந்தது. அது எழுதியது. பில் கணக்கு போனது. யார் சொல்லிச் செய்கிறோம், யாருடைய அதிகாரத்தில் செய்கிறோம் என்பது அந்த நிரலுக்குத் தெரியவில்லை. குழம்பிப்போன பிரதிநிதி என்று ஹார்டி அதற்குப் பெயர் வைத்தார். கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்தப் பில் கோப்பு மனதில் நின்றுவிட்டது.

இன்றைய ஏஜென்ட்டுகள் அதைவிடச் சுலபமாகக் குழம்புகின்றன. தான் படிக்கும் பக்கத்தில் இருக்கும் எழுத்தையே கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. 2025 ஆகஸ்டில் பிரேவ் என்ற பிரவுசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ நிறுவனத்தின் காமெட் பிரவுசரில் செய்து காட்டினார்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஒரு கமென்டுக்குள் கட்டளையை மறைத்து வைத்தார்கள். பயனர் அந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல் என்று மட்டும்தான் கேட்டார். ஏஜென்ட் அவருடைய இமெயில் முகவரியை எடுத்தது, ஜிமெயிலில் வந்த ஓடிபியைப் படித்தது, இரண்டையும் அந்தக் கமென்டுக்குப் பதிலாக வெளியே எழுதியது. இதே ஏஜென்ட்டின் கையில் பெட்டகத்தில் எழுதும் அதிகாரமும் இருந்தால்?

அதில் நான் மிகவும் பயப்படுவது பாஸ்வேர்டை மாற்றுவதைக்கூட இல்லை. தள முகவரியை மாற்றுவது. போலித் தளத்துக்குப் போனால் உங்கள் மென்பொருள் பாஸ்வேர்டை நிரப்புவதில்லை, ஏனென்றால் பதிவில் இருக்கும் முகவரியோடு அது பொருந்துவதில்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே இதுதான்: அதுவாக நிரப்பவில்லை என்றால் கை வைக்காதே, என்னைக் கூப்பிடு. பதிவில் ஒரு முகவரியை ஏஜென்ட் சேர்க்க முடியும் என்றால் அந்தப் பாடம் அத்தோடு போய்விட்டது. பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், போலித் தளத்திலும் தானாக நிரப்பும்.

வழி இல்லாமல் இல்லை. ஒன்பாஸ்வேர்ட் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்த முறையில், ஏஜென்ட் கேட்கிறது, மனிதர் அனுமதிக்கிறார், பாஸ்வேர்ட் நேராகத் தளத்தின் கட்டத்துக்குப் போகிறது, ஏஐ மாடலின் கண்ணில் படுவதில்லை. குரோமும் பயனரின் ஒப்புதலைக் கேட்ட பிறகே மாற்றுவதாகச் சொல்கிறது. அதே 2025 ஜூலையில் பிட்வார்டன் என்ற இன்னொரு நிறுவனம் வெளியிட்ட, ஏஐ-யைப் பெட்டகத்தோடு இணைக்கும் எம்சிபி சர்வர் வழியாக ஏஜென்ட் ஒரு பதிவைப் படிக்கவும் உருவாக்கவும் திருத்தவும் நீக்கவும் முடியும். பயனரின் சொந்தக் கணினியில் மட்டும் வைத்து இயக்க வேண்டிய கருவி அது. என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர்கள் தாங்களே நிறுவிக்கொள்வது வேறு. நான்கு பேர் உள்ள ஒரு வரி அலுவலகத்துக்கு அப்டேட்டோடு தானாக வந்து சேர்வது வேறு.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

முதலில், ஏஜென்ட்டுக்கு நீக்கும் அதிகாரம் எந்த வழியிலும் வேண்டாம். நீக்கிவிட்டு உருவாக்குவதைத் திருத்தம் என்று எண்ணாதீர்கள். அது தொடக்கூடியது பாஸ்வேர்ட் கட்டம் ஒன்றை மட்டும். தள முகவரி, பயனர் பெயர், ஓடிபி உருவாக்கும் ரகசியக் குறியீடு, நாங்கள் எழுதிய குறிப்பு இவை நான்கையும் மனிதர் கை மட்டுமே தொட வேண்டும்.

புதிய பாஸ்வேர்டை, தளத்தில் போடுவதற்கு முன்பே 'உறுதியாகாதது' என்று பழையதற்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நடுவில் கரன்ட் போனாலும் இரண்டும் கையில் இருக்கும். தளத்தில் மாற்றிய பிறகு வெளியே வந்து, புதியதைப் போட்டு மறுபடி உள்ளே போய்ப் பார்க்கட்டும். உள்ளே போனால் மட்டும் அது நடப்புப் பாஸ்வேர்ட் ஆகட்டும். அப்போதும் பழையதை ஒரு வருடத்துக்கு வைத்திருங்கள். ஒரு பதிவில் தோற்றால் அடுத்த பதிவுக்குப் போகாமல் அங்கேயே நிற்க வேண்டும். தளங்களின் பாஸ்வேர்ட் விதிகளை எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி ஆப்பிள் 2020-லிருந்து ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது. இந்திய அரசுத் தளங்கள், வங்கித் தளங்களின் விதிகளைத் தேடி அதில் சேர்க்க உங்கள் நிறுவனத்தில் ஒருவரை நியமியுங்கள். எங்களைக் கேட்டால் நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம், நீளம் எவ்வளவு, எந்தக் குறியை ஏற்காது என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனிதரின் ஒப்புதல் வேண்டும். ஏஜென்ட் இயங்கும் அதே பிரவுசரில் அந்த ஒப்புதலைக் கேட்காதீர்கள், அதுவே அழுத்திவிடக் கூடிய பொத்தானாக அது இருக்கக் கூடாது. போனில் கேளுங்கள், கைரேகையோடு. எந்தப் பார்ட்டி, எந்தத் தளம் என்று தெளிவாகக் காட்டிக் கேளுங்கள்.

இந்த வசதி அணைந்த நிலையில் வர வேண்டும். அட்மின் படித்துப் பார்த்து இயக்கட்டும். இந்த இந்தத் தேதிகளில் ஏஜென்ட் எதையும் மாற்றக் கூடாது என்று நாங்கள் பூட்டி வைக்க ஒரு வழி கொடுங்கள். எங்களுக்கு மாதத்தில் 5 முதல் 22 வரை அது தூங்கினால் போதும். மீதி நாட்களில் நிதானமாக மாற்றட்டும், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

லாகில் ஏஜென்ட் தன் சொந்தப் பெயரில் எழுத வேண்டும். எந்த ஏஜென்ட், யார் கேட்டதன் பேரில், யார் அனுமதித்து, எந்த நேரத்தில், தளம் என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்க வேண்டும். மனிதர் செய்யாததை மனிதர் பெயரில் எழுதாதீர்கள். இந்த லாகை நாளை ஒரு விசாரணையில் சாட்சியாகக் காட்டுவார்கள். அன்று ஒரு முதலாளி என்னைப் போல அரைமணி நேரத்தில் நிறுத்திக்கொள்ள மாட்டார். சம்பளத்தைப் பிடிப்பார், வேலையை விட்டு அனுப்புவார்.

கடைசியாக ஒன்று, உங்களில் ஒரு நிறுவனத்துக்கு மட்டும். எங்கள் புகாருக்கு நீங்கள் கொடுத்த டிக்கெட் எண் உங்களிடம் இருக்கிறது. அந்த 20-ஆம் தேதி 3:34-க்குப் பதிவான இரண்டு வரிகளையும் அழிக்கச் சொல்லவில்லை. அவற்றின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே 'இதைச் செய்தது ஏஜென்ட்' என்று எழுதி, திருத்திய தேதியையும் போட்டு, உங்கள் நிறுவனத்தின் பெயரில் கையொப்பமிடுங்கள். அப்படித் திருத்திய பக்கத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். அதை நான் அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
திருப்பூர்